தடுப்பூசி வதந்தியைச் சரிபார்ப்பது எப்படி? ஒரு மருத்துவ நூலகரின் வழி

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேரும். சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலரும் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிட்டு, "இது நிஜமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் டாக்டர் இல்லை. எந்தத் தகவல் எங்கே கிடக்கும், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் என் தொழில். நான் செய்வதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

"இது உண்மையா, பொய்யா?" என்ற கேள்வியோடு ஆரம்பிக்காதீர்கள். மருத்துவ வதந்திகளில் முழுப்பொய் ரொம்பக் குறைவு. நோயின் பெயர் நிஜமாக இருக்கும். காட்டப்படும் ஆவணம் நிஜமாக இருக்கும். சில நேரம் எண்கள்கூடச் சரியாகவே இருக்கும். இரண்டு உண்மைகளை எடுத்து, சேரக்கூடாத இடத்தில் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

அதனால் நான் முதலில் ஒரு தாளை எடுத்து, வந்த செய்தியை ஒரே வரியில் எழுதுவேன். ஆச்சரியக்குறிகள், அழும் முகங்கள், "அழிப்பதற்குள் பகிருங்கள்" எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும். யாருக்கு, எந்த ஊசியால், என்ன நோய், எத்தனை நாளில், யாரோடு ஒப்பிட்டு என்பது மட்டும் அந்த வரியில் நிற்க வேண்டும். "தடுப்பூசி குழந்தைகளைக் கொல்கிறது" என்பதைச் சரிபார்க்கவே முடியாது. "தடுப்பூசி போட்ட கைக்குழந்தைகள், போடாத குழந்தைகளைவிட அதிகமாகத் தூக்கத்தில் திடீரென்று இறக்கிறார்கள்" என்பதைச் சரிபார்க்கலாம். எவ்வளவு முயன்றும் அப்படி ஒரு வரி எழுத வரவில்லை என்றால், அந்தச் செய்தியில் பயம் மட்டும்தான் இருக்கிறது, தகவல் இல்லை. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்படி ஒரு நோய் இருக்கிறதா?

நோயின் பெயரை ஆங்கில எழுத்தில் சரியாகக் கண்டுபிடியுங்கள். தமிழ்ச் செய்திகளில் ஒரே சிண்ட்ரோமை (ஒன்றாகச் சேர்ந்து தோன்றும் அறிகுறிகளுக்கு வைக்கும் பெயர்) நாலு விதமாக எழுதுவார்கள், அதை வைத்துத் தேடினால் மறுபடி வதந்தியே வந்து நிற்கும். சரியான எழுத்து கிடைத்ததும் இரண்டு இடங்களில் போட்டுப் பாருங்கள். ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11. இணையத்தில் இலவசமாகவே தேடலாம். இன்னொன்று, மருத்துவ ஆய்வுகளின் அட்டவணையான பப்மெட். அரிய நோய் என்றால் ஆர்ஃபாநெட் என்ற தளமும் உண்டு.

2021 அக்டோபரில் பிரேசிலின் அன்றைய அதிபர் போல்சனாரோ, கோவிட் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கு எய்ட்ஸ் வருவதாக பிரிட்டன் அரசின் அறிக்கைகள் காட்டுகின்றன என்று நேரலையில் வாசித்தார். ஃபேஸ்புக்கும் யூடியூபும் அந்த வீடியோவை நீக்கின. அதே சமயத்தில் 'வெய்ட்ஸ்' என்று ஒரு புது நோய்ப் பெயரும் கிளம்பியது. தடுப்பூசியால் வரும் எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டு சிண்ட்ரோமாம். அப்படி ஒரு நோய் எந்த மருத்துவப் பட்டியலிலும் கிடையாது. எய்ட்ஸ் வருவது எச்ஐவி வைரஸால். அந்த வைரஸ் எந்தத் தடுப்பூசியிலும் இல்லை. இந்த வகை வதந்தி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நோய் நிஜம், காரணம் மட்டும் ஒட்டு என்பது இன்னொரு வகை. 2022 ஜூனில் பாடகர் ஜஸ்டின் பீபர், ராம்சே ஹன்ட் சிண்ட்ரோமால் தன் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்துவிட்டதாக வீடியோ போட்டார். ஒரு வைரஸ் நரம்பைத் தாக்கியதால் வந்தது என்று அவரே சொன்னார். ஆனாலும் 'கோவிட் ஊசியின் வேலை' என்று பரப்பினார்கள். அந்த நோயை ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் 1907லேயே விவரித்துவிட்டார். சின்னம்மை தரும் அதே வைரஸ், நரம்பில் வருடக்கணக்கில் பதுங்கியிருந்து விழித்துக்கொள்வதால் வருவது அது. ஆகவே நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்துக் கேட்க வேண்டியது: தடுப்பூசி வருவதற்கு முன்னால் இது யாருக்கு, எதனால் வந்துகொண்டிருந்தது?

ஆவணத்தைத் திறங்கள், தலைப்பைப் படியுங்கள்

பலர் ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடுகிறார்கள். நான் மூல ஆவணத்தைத் திறக்காமல் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஏன் என்பதற்கு ஒரே ஒரு ஆவணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஃபைசர் நிறுவனம் தன் கோவிட் தடுப்பூசியைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குக் கொடுத்த ஓர் அறிக்கை, வழக்கின் மூலம் வெளியே வந்தது. 2021 பிப்ரவரி 28 வரை வந்த பக்கவிளைவுப் புகார்களின் தொகுப்பு அது. அதன் கடைசியில் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நோய்ப் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து, "ஊசியால் 1,291 பக்கவிளைவுகள், ஃபைசரே ஒப்புக்கொண்டது" என்று உலகம் முழுக்க அனுப்பினார்கள். பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். எத்தனை சிண்ட்ரோம்!

ஆனால் அந்தப் பட்டியலின் தலையில் ஒரு வரி இருக்கிறது: தனிக் கவனம் செலுத்த வேண்டிய நிகழ்வுகளின் பட்டியல். யாருக்காவது இவற்றில் ஒன்று வந்தால் உடனே கவனியுங்கள் என்று முன்கூட்டியே போட்டு வைத்த கண்காணிப்புப் பட்டியல் அது. பட்டியலின் முதல் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும். அது 1பி36 டிலீஷன் சிண்ட்ரோம். முதலாம் குரோமோசோமின் நுனியில் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பதால் வருவது. பிறக்கும்போதே இருக்கும் ஒரு நிலையை, வளர்ந்த மனிதரின் கையில் போட்ட ஊசி எப்படி உண்டாக்கும்?

அதே அறிக்கையில் 42,086 பேரைப் பற்றிய புகார்கள், 1,223 மரணங்கள் என்ற எண்களும் உண்டு. அவை நிஜமான எண்கள்தான். ஊசிக்குப் பிறகு நடந்ததாகத் தெரிவிக்கப்பட்டவை. ஊசியால் நடந்தவை என்று அறிக்கை சொல்லவில்லை.

இந்த வேறுபாடு அமெரிக்காவின் வேர்ஸ் என்ற புகார்ப் பதிவேட்டிலும் அடிக்கடி காணாமல் போகும். 1990லிருந்து நடக்கும் அந்தப் பதிவேட்டில் டாக்டர், நோயாளி, பெற்றோர் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஃப்ளூ ஊசி தன்னைப் பச்சை நிற ராட்சதனான 'ஹல்க்' ஆக மாற்றிவிட்டது என்று ஓர் அமெரிக்க மருத்துவர் சோதித்துப் பார்க்க எழுதினார், அதுவும் பதிவானது. அதற்காக வேர்ஸை வீண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஓர் எச்சரிக்கை மணி. அடித்தால் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை பேரில் எத்தனை பேர்?

ஒரே ஒரு கேள்வியைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட எத்தனை பேரில் இத்தனை பேருக்கு வந்தது? ஊசியே போடாமல் இருந்திருந்தால் எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

கில்லன் பாரே சிண்ட்ரோமை எடுத்துக்கொள்வோம். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கி, கால்களில் தொடங்கி மேல்நோக்கித் தளர்ச்சி ஏறும் நோய். வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு எப்படியும் வரும். கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு வருவது அதில் அதிகம். சரி, இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கோடிப் பேரில் வருடத்துக்கு 100 முதல் 200 பேர். ஆறு வாரத்துக்கு என்றால் சுமார் 12 முதல் 23 பேர். ஒரு கோடிப் பேருக்கு வெறும் தண்ணீரை ஊசியாகப் போட்டிருந்தாலும், அடுத்த ஆறு வாரத்தில் இத்தனை குடும்பங்கள் "ஊசி போட்ட பிறகுதான் கால் விழுந்தது" என்று சொல்லும். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிறகு நடந்தது என்பது நிஜம்.

அப்படியானால் ஊசியால் அந்த நோய் வரவே வராதா? வந்திருக்கிறது. 1976ல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசியை சுமார் 4.5 கோடிப் பேருக்குப் போட்டார்கள். வழக்கமான அளவுக்கு மேல், லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர் கூடுதலாகக் கில்லன் பாரேயால் பாதிக்கப்பட்டார்கள். அந்த டிசம்பரிலேயே திட்டத்தை நிறுத்தினார்கள். கூடுதல் என்பதுதான் இங்கே முக்கியம். வழக்கமான அளவு எவ்வளவு என்று தெரிந்திருந்ததால்தான் அந்தக் கூடுதல் கண்ணில் பட்டது.

கைக்குழந்தைகளின் திடீர் மரணத்துக்கும் இதே கேள்வியைப் போட வேண்டும். இது பெற்றோரை உலுக்கிவிடும் வதந்தி, அதனால் நான் இதற்கு அவசரமாகப் பதில் எழுதுவதில்லை. திடீர் சிசு மரண சிண்ட்ரோம் அதிகமாக நேர்வது இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில். குழந்தைக்கான பல தடுப்பூசிகளும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான் வருகின்றன. ஆகவே சில மரணங்கள் ஊசி போட்ட ஓரிரு நாளில் நடப்பதைத் தவிர்க்கவே முடியாது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஊசியால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்காவில் 1994ல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அந்தக் காலம் முழுக்கத் தடுப்பூசிகள் வழக்கம்போல் போடப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. கைக்குழந்தை வைத்திருக்கும் யாராவது இந்த வதந்தியை அனுப்பினால், மல்லாக்கப் படுக்க வைப்பதைப் பற்றி மறக்காமல் எழுதுவேன்.

"ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்" என்று வந்தாலும் இதே கணக்குதான். 1,000 பேரில் 900 பேர் ஊசி போட்டவர்கள் என்று வையுங்கள். அவர்களில் நூற்றுக்கு 2 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனால் 18 பேர். போடாத 100 பேரில் நூற்றுக்கு 10 பேர் போனால் 10 பேர். மொத்தம் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள்! ஆனால் போடாதவர்களுக்குத்தான் ஆபத்து ஐந்து மடங்கு.

வதந்தி நிஜமாகவும் இருக்கலாம்

தடுப்பூசி ஆதரவாளர்கள் பலர் இங்கே சறுக்குகிறார்கள். எதைக் கேட்டாலும் "புரளி" என்று சொல்லிவிட்டால், ஒருநாள் நிஜமான பக்கவிளைவு வெளியே வரும்போது நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. நான் தேட உட்காரும்போது இரண்டு பக்கத்துக்கும் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

1998ல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்ட் என்ற ரோட்டாவைரஸ் தடுப்பூசி அனுமதி பெற்றது. மறு வருடமே குழந்தைகளுக்குக் குடற்செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது) வருவதாக வேர்ஸில் 15 புகார்கள் சேர்ந்ததும் நிறுத்தி வைத்து ஆராய்ந்தார்கள். சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருவது தெரிந்தது. 1999 அக்டோபரில் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2009-10ல் பான்டெம்ரிக்ஸ் என்ற ஃப்ளூ ஊசிக்கும், பகலிலேயே தூக்கம் அடித்துப்போடும் நார்கோலெப்சி நோய்க்கும் தொடர்பு இருப்பதை ஃபின்லாந்தும் ஸ்வீடனும் கண்டுபிடித்தன. ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ வகை கோவிட் ஊசிக்குப் பிறகு இளம் ஆண்களுக்கு அரிதாக வரும் இதயத்தசை அழற்சியும் நிஜம்தான். தேடும்போது இப்படி ஒன்று நிஜம் என்று தெரிந்தால், அதையும் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

பழைய உண்மையைப் புதுச் செய்தியாக்குவதும் உண்டு. 2024 ஏப்ரலில், தன் கோவிட் ஊசியால் (இந்தியாவில் கோவிஷீல்டு) மிக அரிதாக டிடிஎஸ் வரலாம் என்று ஆஸ்ட்ராஜெனிகா பிரிட்டன் நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த செய்தி பரவியது. ரத்தம் உறைவதும் ரத்தத் தட்டணுக்கள் குறைவதும் ஒருசேர நடக்கும் சிண்ட்ரோம் அது. "மூன்று வருடமாக மறைத்தார்கள்" என்பதுதான் வதந்தியின் ஒட்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7ஆம் தேதியே இதை மிக அரிய பக்கவிளைவாக அறிவித்துவிட்டது. தேதியைத் தேடுவது ஒரு நிமிட வேலை.

சித்தப்பா ஒருவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருந்தார். அவருக்கு நான் அனுப்பியதை மாதிரிக்குத் தருகிறேன்: "சித்தப்பா, அந்த நோய் உண்மைதான், அந்த ஊசியால வந்ததும் உண்மைதான். ஆனா ரொம்ப அபூர்வம். வந்தவங்களுக்குப் பெரும்பாலும் ஊசி போட்ட முதல் சில வாரத்துக்குள்ளயே வந்துடுச்சு. நீங்க போட்டு வருஷக்கணக்காச்சு. அதை நினைச்சுப் பயப்பட வேண்டாம். பிரஷர் மாத்திரையை மட்டும் விடாம போடுங்க."

ஆய்வுக்கட்டுரை என்று ஒன்றைக் காட்டினால்

பப்மெட்டில் இருக்கிறது என்பது சான்றிதழ் ஆகாது. அது ஒரு நூலக அட்டவணை, நல்லதும் இருக்கும், சொத்தையும் இருக்கும். கட்டுரையின் பெயரைப் போட்டுத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, மேலே 'திரும்பப் பெறப்பட்டது' என்ற அறிவிப்பு இருக்கிறதா என்பது. ப்ரீப்ரின்ட் என்றால் பிற நிபுணர்கள் இன்னும் பரிசீலிக்கவில்லை என்று பொருள். ப்ரீப்ரின்ட்டுகளை வெளியிடும் மெட்ஆர்க்கைவ் தளம் அதை ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியே வைத்திருக்கிறது. அப்புறம், எத்தனை பேரை வைத்து ஆராய்ந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள்.

எம்எம்ஆர் ஊசியால் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமானது) ஆட்டிசம் என்ற கதை இன்னும் ஓயவில்லை. 1998ல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, மொத்தம் 12 குழந்தைகளைப் பற்றியது. ஒப்பிட வேறு குழந்தைகளே அதில் கிடையாது. பத்திரிகையாளர் பிரையன் டீர் தோண்டித் துருவியதில் முறைகேடுகள் வெளிவந்தன. 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு எதிராக 2019ல் வந்த டென்மார்க் ஆய்வைப் பாருங்கள். 6,57,461 குழந்தைகள். ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் அதிகம் வரவில்லை. 12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே?

இந்த அலட்சியத்துக்கு மனிதர்கள் கொடுக்கும் விலையை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். ஜப்பானில் 2013 ஏப்ரலில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. ஊசி போட்ட சிறுமிகள் வலியில் துடிக்கும் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. ஜூன் மாதமே அரசு ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 சதவீத அளவில் இருந்த தடுப்பூசி விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் ஏறக்குறைய 30,000 இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. சிஆர்பிஎஸ் (கை காலில் தீராத கடும் வலி), பாட்ஸ் (எழுந்து நின்றால் இதயத் துடிப்பு எகிறுவது) என்ற இரண்டு சிண்ட்ரோம்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய மருந்து முகமையும் 2015ல் சொன்னது. ஆனாலும் ஜப்பான் மறுபடி பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது. இடையில் விட்டுப்போன ஊசிகளால், அந்தத் தலைமுறைப் பெண்களில் 5,000 பேராவது கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறப்பார்கள் என்று ஒரு கணக்கீடு சொல்கிறது. வலியில் துடித்த சிறுமிகளின் வலியும் நிஜம், அவர்களுக்கும் நல்ல சிகிச்சை தேவைப்பட்டது. காரணத்தைச் சொன்னதில்தான் பிழை.

படம், வீடியோ என்றால் கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ தளத்தில் போட்டு, முதன்முதலில் எப்போது வெளியானது என்று பாருங்கள். பெரும்பாலும் வேறு வருடம், வேறு நாடு. சாட்பாட்டைக் கேட்கிறீர்கள் என்றால், அது சொல்லும் ஆய்வின் பெயரைப் பப்மெட்டில் போட்டு, அப்படி ஒன்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாத கட்டுரைக்கு இருப்பதுபோல் பெயர் கொடுக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

பதில் சொல்லும் விதம்

குரூப்பில் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள், தனியாக எழுதுங்கள். அனுப்பியவர் அக்கறையில்தான் அனுப்பியிருப்பார். அவர் சொன்னதில் எது சரியோ அதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் ஒட்டு எங்கே என்று சொல்லுங்கள். நாலு வரிக்கு மேல் வேண்டாம். மூல ஆவணத்தின் இணைப்பு ஒன்று போதும்.

ஊசி போட்டவருக்கு இப்போதே உடம்பு சரியில்லை என்றால் இந்தத் தேடல் எல்லாம் அப்புறம். கடுமையான தலைவலி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், கை கால் தளர்ச்சி, குழந்தை விடாமல் வீறிட்டு அழுவது, மலத்தில் ரத்தம் என்று எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். என்ன ஊசி, எந்தத் தேதி என்று சொல்லி, பக்கவிளைவாகப் பதிவு செய்யும்படி கேளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஃப்ளூ, சின்னம்மைச் சமயத்தில் அதைக் கொடுப்பதற்கும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை சிண்ட்ரோமுக்கும் உள்ள தொடர்பு உறுதியாகத் தெரிந்த ஒன்று.

நீங்கள் கண்டுபிடித்ததைத் தேதி போட்டு போனில் ஒரு குறிப்பாகச் சேமித்து வையுங்கள். அதே வதந்தி வேறு ஊசியின் பெயரில் கட்டாயம் திரும்பி வரும். அப்போது பழைய பதிலை அப்படியே அனுப்பாமல், ஆவணத்தின் இணைப்பை ஒருமுறை திறந்து, இடையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.